நெல்லி மரத்தடியில் கம்பெனி விருந்து

டிசம்பர் கடைசி வாரம் திருப்பதியில் லாட்ஜ் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அரையாண்டு விடுமுறைக் கூட்டம், புத்தாண்டுக் கூட்டம், வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். முன்பெல்லாம் திருமலையில் ஏகாதசி, துவாதசி என்று இரண்டு நாள் மட்டும் திறந்திருந்த வைகுண்ட துவாரம் இப்போது பத்து நாள் திறந்திருக்கிறது. கடந்த முறை 2025 டிசம்பர் 30-இல் தொடங்கி 2026 ஜனவரி 8 வரை நடந்தது; புத்தாண்டு அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. நாடே விடுமுறை எடுத்துக்கொண்டு இந்த ஊருக்கு வருகிறது. இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் அப்போது லீவு கிடையாது.

மலைப்பாதையில் பஸ் ஓட்டும் ஆர்.டி.சி. டிரைவர், கல்யாண கட்டாவில் முடி இறக்கும் தொழிலாளி, அன்னப்பிரசாதக் கூடத்தில் இலை எடுப்பவர், லாட்ஜில் படுக்கை விரிப்பு மாற்றும் பையன், ஸ்விம்ஸ் மருத்துவமனையின் இரவுப் பணிச் செவிலியர் என்று பட்டியல் நீளம். 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட துவார தரிசன டோக்கன் வாங்கக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். வைகுண்ட துவார நாட்களில் இந்த ஊரில் வேலை பார்க்கிறவர்கள் எப்படிப்பட்ட பாரத்தைச் சுமக்கிறார்கள் என்பதற்கு அது ஒன்றே போதும்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு முதலாளியோ ஹெச்.ஆர். மேலாளரோ "ஊழியர்களுக்கு ஒரு விழா வைப்போம், டிசம்பர் 31 ராத்திரி" என்று தீர்மானித்தால், அந்த விழா அறிவிக்கும்போதே பாதி தோற்றுவிட்டது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஊழியர் விழாவின் வெற்றி மேடை அலங்காரத்தையோ பாட்டுக் கச்சேரியையோ நம்பியில்லை. எந்த நாள், யார் யாருக்கு அழைப்பு, எப்படி வீடு திரும்புவார்கள் என்ற மூன்று கேள்விகளில் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது.

தயாராக இருக்கும் ஒரு மரபு

ஆந்திரத்தில் இதற்கென்று ஏற்கெனவே ஒரு பண்டிகை இருக்கிறது. கார்த்திக வனபோஜனம். தீபாவளிக்கு மறுநாள் தொடங்கும் தெலுங்குக் கார்த்திக மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தோப்புக்குப் போய், நெல்லி மரத்தடியில் பூஜை செய்து, அங்கேயே சமைத்து, வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது. திருமலையிலும் ஆண்டுதோறும் நடக்கிறது. மலையப்ப சுவாமி ஊர்வலமாகப் பார்வேட்டை மண்டபத்துக்கு எழுந்தருள, திருமஞ்சனம் முடிந்து பக்தர்களுக்கு விருந்து. அரசு அலுவலகங்கள், வங்கிக் கிளைகள், பள்ளி ஆசிரியர்கள், தொழிற்சங்கங்கள் எல்லோரும் தங்களுக்கென்று ஒரு வனபோஜனம் வைத்துக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதற்கு இணையாக உடனே நினைவுக்கு வருவது ஆயுத பூஜை. பட்டறையைக் கழுவி, லேத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பொரிகடலைப் பொட்டலமும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பும் நாள். எல்லைக்கு அந்தப்பக்கமும் அது உண்டு. திருப்பதி ரயில் பெட்டி பழுதுபார்ப்புப் பணிமனையிலும் பஸ் டிப்போக்களிலும் தசராவை ஒட்டி வாழைக்கன்று கட்டுகிறார்கள், பூசணிக்காய் உடைக்கிறார்கள். ஆனால் ஆயுத பூஜையில் வீட்டார் பெரும்பாலும் வருவதில்லை. அது மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் நடுவிலான நாள். வனபோஜனத்தில் மனைவி, கணவன், குழந்தை, மாமியார் எல்லோரும் வருகிறார்கள். அதிகாரியும் பியூனும் ஒரே பந்தியில் சப்பணமிட்டு உட்காருகிறார்கள். இலையில் புளியோதரை, பருப்பு, கோங்கூராப் பச்சடி, எண்ணெய்க் கத்திரிக்காய், போளி. மாதம் விரத மாதம் என்பதால் மாமிசம் கிடையாது, மது என்ற பேச்சே எழாது. ஒரு கம்பெனி விழாவை ஏற்பாடு செய்கிறவருக்குத் தலைவலி தரும் பாதி விஷயங்கள் இந்த மரபுக்குள்ளேயே தீர்ந்திருக்கின்றன.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஆந்திரம் முழுக்க வனபோஜனங்கள் பல இப்போது சாதிச் சங்கக் கூட்டங்களாகிவிட்டன. இன்ன சாதியினர் வனபோஜனம் என்று பேனர் கட்டி, அரசியல்வாதிகள் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். ஒரு தொழிற்சாலையோ மருத்துவமனையோ அலுவலகமோ வைக்கும் வனபோஜனம் அதனாலேயே முக்கியமாகிறது. சங்கப் பேனர் பிரிக்கிறவர்களை அது ஒரே பந்தியில் உட்கார வைக்கும். இந்தக் காலத்தில் அப்படி அமைகிற இடங்கள் குறைவு. கிடைக்கிற இடத்தை விட்டுவிடக் கூடாது.

மழை, மாலை, மாங்காய்

கோதாவரிக் கரையில் கார்த்திக மாதம் மழை பெரும்பாலும் ஓய்ந்த மாதம். சித்தூர், திருப்பதியில் அப்படி இல்லை. சென்னையை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் இங்கும். 2021 நவம்பர் 18, 19 தேதிகளில் கொட்டிய மழையில் திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடின, சுவர்ணமுகி பெருக்கெடுத்தது, மலைப்பாதையில் பாறை சரிந்தது. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். திறந்தவெளியில் சாமியானா போட நினைப்பவர் பக்கத்திலேயே ஒரு கல்யாண மண்டபத்துக்கும் சேர்த்து முன்பணம் கொடுத்து வைப்பது நல்லது. திருமலையிலேயே மழை மிரட்டும் ஆண்டுகளில் விருந்தை மண்டபத்துக்குள் மாற்றிக்கொள்வது உண்டு.

நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். தெலுங்கு நாட்டில் ஐயப்ப மாலை போடாத பணிமனை கிடையாது. கறுப்பு வேட்டி, வெறுங்கால், 41 நாள் விரதம். அந்த நாட்களில் பிரியாணி விருந்து வைத்தால் ஆண்களில் ஒரு பகுதி வாசலிலேயே நின்றுவிடும். "சைவத்துக்கும் தனியா ஒரு மேசை போட்டிருக்கோம்" என்பது பதிலாகாது. அவர்களுக்குச் சமையல் பாத்திரமே வேறாக இருக்க வேண்டும். அன்று சமையல் முழுக்க சைவமாக இருந்தால் யாருக்கும் மனக்குறை இல்லை. நாட்டுக்கோழிப் புலுசும் ராகி சங்கட்டியும்தான் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டால், அதற்குச் சங்கராந்தி கழிந்த ஜனவரிக் கடைசி இருக்கிறது. மழை விட்டிருக்கும், மாலை கழற்றியிருப்பார்கள், திருமலைக் கூட்டமும் சற்றே தணிந்திருக்கும். இந்த வட்டாரத்தில் விழா வைக்க ஆண்டிலேயே சிறந்த இரண்டு வாரங்கள் அவை.

ஆனால் சங்கராந்தி நாட்களையே தொட்டுவிடக் கூடாது. போகி, சங்கராந்தி, கனுமா மூன்றும் வீட்டுக்கும் மாட்டுக்கும் உரியவை. சந்திரகிரி அருகே ரங்கம்பேட்டையில், கொம்பில் மரப்பலகையும் பரிசும் கட்டிய காளைகளை இளைஞர்கள் விரட்டிப் பிடிக்கும் மாட்டுப் பண்டிகைக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். அந்த வாரத்தில் கம்பெனி என்ன பரிசு கொடுத்தாலும் சுற்றுக் கிராமத்துப் பையன்கள் வரமாட்டார்கள், வரவும் வேண்டாம்.

ஒவ்வொரு தொழிலுக்கும் சொந்தமாக ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. சித்தூர்ப் பக்கம் மாங்கூழ் ஆலைகளுக்கு மே கடைசியிலிருந்து ஜூலை வரை மூச்சு விட நேரமில்லை. தோதாபுரி மாங்காய் லாரி லாரியாக வாசலில் நிற்கும். அந்த ஆலைகளில் பருவ வேலைக்கு வரும் பெண்கள் ஆகஸ்டுக்குப் பிறகு கலைந்து போய்விடுகிறார்கள். டிசம்பரில் விழா வைத்தால் வருவது அலுவலகத்தில் இருக்கும் சில பேர்தான். மாம்பழம் நறுக்கிய கைகள் ஒன்றும் அங்கே இருக்காது. கடைசி லாரி இறங்கிய வாரத்திலேயே, கூலிக் கணக்கு முடிக்கும் நாளில் அவர்களுக்கு விருந்து வைப்பதுதான் முறை. பால் பண்ணைகளுக்குப் பண்டிகை நாளே கிடையாது, மாடு காலையும் மாலையும் கறக்கும். மே மாதத்தில் திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை வந்துவிடும். ஊரே வேஷம் கட்டித் தெருவில் இறங்கிவிடும், வேறு எந்த விழாவும் அதன் முன்னால் எடுபடாது.

மூன்று ஷிப்ட், இரண்டு மொழி

திருப்பதி மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், தமிழ்நாட்டு எல்லையை உரசிக்கொண்டு ஸ்ரீசிட்டி இருக்கிறது. 2008-இல் தொடங்கிய இந்தத் தொழில் நகரில் இசுசு வண்டி, கேட்பரி சாக்லேட், டைகின் ஏ.சி. எல்லாம் தயாராகின்றன. 2015-இல் ஷாவ்மியின் முதல் இந்தியத் தயாரிப்புச் செல்போனைப் பாக்ஸ்கான் இங்கேதான் பாகங்களைப் பொருத்தி உருவாக்கியது. அந்த வரிசைகளில் நின்றவர்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் ஏராளம். 1960 ஏப்ரல் 1-இல் எல்லை மாற்றியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்கும் போனதன் மிச்சம் அது. கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர்களும் உண்டு.

இப்படிப்பட்ட இடத்தில் விழாவை ஆங்கிலத்தில் தொகுத்து வழங்க ஓர் ஆளைச் சென்னையிலிருந்து கூட்டி வருவது வீண் செலவு. லைனில் வேலை செய்யும் இரண்டு பெண்களிடம், ஒருவர் தெலுங்கிலும் ஒருவர் தமிழிலும் பேசும்படி, மைக்கைக் கொடுத்துவிடலாம். கோலாட்டத்துக்கு வெளியாள் தேவையே இல்லை. பிரம்மோற்சவத்தில் வாகனங்களுக்கு முன்னால் கோல் போடும் குழுக்கள் பல இந்தக் கிராமங்களிலிருந்து போகிறவைதான். மரக்கட்டை தட்டி ஆடும் செக்க பஜனை தெரிந்த ஆண்கள் எந்தப் பணிமனையிலும் நாலு பேர் இருப்பார்கள். சித்தூர் ராம விலாச சபாவின் நாடக மேடை ஏறி வளர்ந்தவர்தான் பின்னாளில் தமிழ்ப் படங்களிலும் அப்பாவாக, மகானாக வந்த சித்தூர் வி. நாகையா. வேலை முடிந்த பிறகு மேடை ஏறும் ஆசை இந்த ஊர் மண்ணில் இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்காமல் டி.ஜே. ஒலிபெருக்கியை அலறவிட்டு, ஊழியர்களை நாற்காலியில் உட்கார்த்தி வேடிக்கை பார்க்க வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஷிப்ட் கணக்குதான் கடினமானது. எடுத்துக்காட்டாக, 600 பேர் மூன்று ஷிப்டில் வேலை செய்யும் ஆலை. எந்த நேரத்தில் விழா வைத்தாலும் 200 பேர் லைனில் இருப்பார்கள், இன்னொரு 200 பேர் இரவு முழுக்க விழித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பராமரிப்புக்காக எப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இயந்திரங்களை நிறுத்துவார்கள் அல்லவா, அந்த நாளை விழா நாளாக்குவது ஒரு வழி. நிறுத்தவே முடியாத இடம் என்றால் அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு விழா. இரண்டிலும் அதே சாப்பாடு, அதே பரிசு, அதே பெரியவர் வந்து நிற்க வேண்டும். இரண்டாம் விழாவுக்கு எம்.டி. வராமல் உதவி மேலாளரை அனுப்பினால், அது மிச்சம் மீதி விருந்தாகத்தான் தொழிலாளர் கண்ணுக்குத் தெரியும்.

அறிவிப்புப் பலகையில் விழாத் தாள் ஒட்டியவுடன் பெண் தொழிலாளர்கள் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றி இல்லை. "திரும்ப பஸ் எத்தனை மணிக்கு? எங்க ஊர் வரைக்கும் வருமா?" இதற்கு எழுத்தில் பதில் இல்லாத விழாவுக்கு அவர்களை வீட்டில் அனுப்பமாட்டார்கள். பகல் விழா, இருட்டுவதற்குள் வீடு, ஒவ்வொரு தடத்துக்கும் பஸ் எண், பஸ்ஸில் ஒரு பொறுப்பாளர். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நிமித்தம் போகும் இடங்களையும் முதலாளி ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. விழாப் பந்தலும் விழாப் பஸ்ஸும் இதன் வரம்புக்குள் வரும். உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரையும் செல்போன் எண்ணையும் அழைப்பிதழிலேயே அச்சிட்டால் எந்தக் கம்பெனிக்கும் கௌரவம் குறையாது.

பகல் விழாவில் மது இருக்காது, அதனால் இழப்பும் இல்லை; குடித்தே ஆக வேண்டிய விருந்துகள் வேறு இடங்களிலும் செல்வாக்கு இழந்துவருகின்றன. ஜப்பானில் ஆண்டு முடிவில் அலுவலகத்தார் கூடிக் குடிக்கும் போனென்காய் என்ற வழக்கம் பல தலைமுறைகளாக உண்டு. 2019 வாக்கில் அங்கே இளம் ஊழியர்கள் அதைத் தட்டிக்கழிப்பதே ஒரு பெரிய பேச்சாகிவிட்டது. மேலதிகாரிக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் வேலைதானே என்பது அவர்கள் கேள்வி.

அருவிக்குப் போகலாமா?

திருப்பதிக்காரர்களுக்கு உல்லாசப் பயணம் என்றால் தலைக்கோனா. சுமார் 270 அடி உயரத்திலிருந்து விழும் அருவி, சுற்றிலும் அடர்ந்த காடு, இறங்கிக் குளிக்கலாம். போகும் வழியில் பாகராப்பேட்டைக் கணவாய் இருக்கிறது. 2022 மார்ச் 26 இரவு, தர்மவரத்திலிருந்து திருப்பதிக்கு நிச்சயதார்த்தத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் பஸ் அந்தப் பாதையில் பள்ளத்தில் உருண்டு பலர் உயிரிழந்தார்கள். இருட்டிய பிறகு மலைப்பாதையில் வண்டி ஓடக் கூடாது என்பதைப் பயணத் திட்டத்தின் முதல் வரியாக எழுதிக்கொள்ள வேண்டும். ஸ்ரீசிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் உப்பலமடுகு அருவியில், தமிழர்கள் தடா அருவி என்று சொல்லும் இடத்தில், பாறைக் குளங்களின் ஆழம் தெரியாமல் இறங்கி இறந்தவர்கள் உண்டு. 200 பேரைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் போவதை எந்த மேலாளரும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது மேல். சீனிவாச மங்காபுரம் பக்கத்துத் தோப்புகளும் சந்திரகிரிக் கோட்டையின் புல்வெளியும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்குப் போதுமானவை.

அரங்கத்துக்குள் வைத்தாலும் ஆபத்து இல்லாமல் போவதில்லை. 2025 டிசம்பர் 6 நள்ளிரவை ஒட்டிக் கோவாவின் அர்போராவில் ஒரு கேளிக்கை விடுதி தீப்பற்றி 25 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் விருந்தாளிகள் இல்லை. அங்கே வேலை பார்த்தவர்கள். மண்டபத்துக்கு எத்தனை வாசல், எல்லாம் திறந்திருக்கிறதா என்று விழாக் குழு காலையிலேயே நடந்து பார்க்க வேண்டும். வாண வேடிக்கைக் குச்சிகளை உள்ளே விடவே கூடாது. சாப்பாட்டிலும் அதே கவனம் வேண்டும். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்த பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 150-க்கும் மேற்பட்டோர் உணவு ஒவ்வாமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், சக தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். மலிவான கேட்டரிங்காரரைப் பிடித்து மிச்சம் பிடிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. தயிர்சாதமும் தேங்காய்ச் சட்னியும் காலை ஆறு மணிக்குச் செய்து மத்தியானம் இரண்டு மணிக்குப் பரிமாறுகிறார்களா என்று யாராவது ஒருவர் அடுப்பங்கரையில் நின்று பார்க்க வேண்டும்.

கொடுக்கிற கை

திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஆண்டுதோறும் பிரம்மோற்சவத்தை ஒட்டித் தன் ஊழியர்களுக்கு "பிரம்மோற்சவ பகுமானம்" என்று ரொக்கம் கொடுக்கிறது. 2024-இல் பத்து விழுக்காடு உயர்த்தி, நிரந்தர ஊழியருக்கு 15,400 ரூபாய், ஒப்பந்த ஊழியருக்கு 7,535 ரூபாய் என்று அறிவித்தார்கள். குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் சிறப்பாகப் பணியாற்றியவர்களுக்கு வெள்ளி டாலரும் சான்றிதழும் உண்டு. ஊரார் பண்டிகைக்கு உழைத்தவர்களுக்கு, உழைத்த அந்தப் பண்டிகையின் பெயராலேயே கொடுப்பது நல்ல வழக்கம். ஒப்பந்த ஊழியரையும் விட்டுவிடாமல் சேர்த்ததும் நல்லது. ஆனால் கருட சேவை இரவில் கூட்டத்துக்கு நடுவே நிற்கும் களைப்பு இருவருக்கும் ஒன்றுதான். அந்த இரண்டு தொகைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி குறைய வேண்டும்.

தனியார் கம்பெனிகளில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு அழைப்பிதழ். காண்ட்ராக்ட் ஆளுக்கும் செக்யூரிட்டிக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் விழா மறுநாள் பந்தலைக் கூட்டும் வேலை. வருகைப் பதிவேட்டில் பெயர் எந்தக் கம்பெனியின் கீழ் இருந்தாலும், அந்த வளாகத்துக்குள் தினமும் நுழைகிற ஒவ்வொருவருக்கும் பந்தியில் இலை போட வேண்டும். பணத்தில் படிநிலை இருக்கலாம், சோற்றில் கூடாது.

பரிசைக் காட்டிப் போனஸை மறைக்கவும் முடியாது. குறைந்தது 8.33 விழுக்காடு, அதிகபட்சம் 20 விழுக்காடு என்று 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த வரம்புகள் தொடர்கின்றன. அது தொழிலாளியின் உரிமை. 2025 தீபாவளி சமயத்தில் ஆக்ரா-லக்னோ விரைவுச்சாலையின் ஃபதேஹாபாத் சுங்கச்சாவடி ஊழியர்கள், போனஸாக 1,100 ரூபாய் மட்டுமே வந்ததைக் கண்டு தடுப்புக் கம்பங்களை உயர்த்தி வண்டிகளைச் சும்மா போக விட்டார்கள். மறுபக்கம், 2023 தீபாவளிக்குக் கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தோட்ட உரிமையாளர் தம் ஊழியர்கள் 15 பேருக்கு ராயல் என்ஃபீல்டு முதலான மோட்டார் சைக்கிள்கள் வாங்கிக் கொடுத்த படம் நாடெங்கும் ஓடியது. எல்லோராலும் மோட்டார் சைக்கிள் கொடுக்க முடியாது. போனஸ் உரிய தேதியில் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு விழா வைக்க எல்லோராலும் முடியும்.

பரிசுப் பொருளுக்குச் சென்னை மொத்தக் கடையிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவும் எவர்சில்வர் தட்டும் வரவழைப்பதற்குப் பதிலாகப் பக்கத்திலேயே வாங்கலாம். காளஹஸ்தியில் கலம்காரித் துணி, ஏர்ப்பேடு அருகே மாதவமாலாவில் மரச் சிற்பங்கள், நகரியில் விசைத்தறித் துண்டு, சித்தூர்ச் சந்தையில் வெல்லம். ஒரு கிலோ நல்ல வெல்லமும் இரண்டு துண்டும் ஒரு வீட்டுக்கு உண்மையிலேயே பயன்படும். அதற்குக் கொடுக்கிற பணம் இன்னொரு தொழிலாளி வீட்டுக்குத்தான் போய்ச் சேருகிறது.

மேடைப் பேச்சுக்குப் பத்து நிமிடம் போதும். அதில் பாதியை, பத்து, இருபது ஆண்டு பணி முடித்தவர்களின் பெயரைத் தப்பில்லாமல் வாசிக்கச் செலவிடலாம். பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு, செய்கிற வேலை. அவர்கள் குழந்தைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். முக்கிய விருந்தினராக எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டால் அவர் வரும்வரை பந்தி தொடங்காது, பசியில் குழந்தைகள் அழும்; கூப்பிடாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

விழாவுக்கு மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டை எட்டு மணிக்குத் தொடங்கலாம். அந்த வாரத்துக்குள் ஒவ்வொரு லைனிலும் ஒருவரிடம், எது சரியில்லை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டுத் தேதியைப் பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி, சங்கராந்தி, கங்கம்மா ஜாத்திரை நான்கையும் வைத்துப் பார்த்து அப்போதே குறித்துவிட வேண்டும். பெரிய மண்டபங்கள் முகூர்த்த மாதங்களுக்கு ஓராண்டுக்கு முன்பே பதிவாகிவிடுகின்றன.